நூற்றில் ஒரு பங்கு

காட்டுப்பாக்கத்தில் பூந்தமல்லி சாலையோர பிரவுசிங் சென்டர். "அண்ணா, குரூப் 4-க்கு போட்டோ ஏத்தணும்" என்று ஒரு பெண் போனை நீட்டுகிறாள். படம் 4 எம்பி. டிஎன்பிஎஸ்சி கேட்பது 20 முதல் 50 கேபி.

கடைக்காரர் முதலில் தோளுக்கு மேலுள்ள வெற்றுச் சுவரை வெட்டுகிறார். பிறகு நீள அகலத்தைக் குறைக்கிறார். கடைசியில்தான் குவாலிட்டியைத் தொடுகிறார். இந்த வரிசையில்தான் தொழிலே இருக்கிறது. பெரிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு குவாலிட்டியை மட்டும் இறக்கினால், முகம் கட்டம் கட்டமாக உடையும்.

இப்படிச் சுருக்க உதவும் ஜேபெக் முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தட்டுப்படாத நுணுக்கங்களை உதிர்க்கிறது. அதன் அடிப்படைக் கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ்.

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கி இமையோரம் பார்க்கிறார். மூக்குத்தியின் மினுக்கு அப்படியே இருக்கிறது. 42 கேபி. "போதும்மா, ஏத்திடலாம்."

ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியும் அவள் அவளாகவே இருக்கிறாள். எதை விட்டால் முகம் மிஞ்சும் என்று அறிந்த கை கடைக்காரருடையது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.