எரித்தவையும் எஞ்சியவையும்

1948 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் ரூவோ தனது 315 ஓவியங்களை நெருப்பிலிட்டு எரித்தார். அப்போது அவருக்கு வயது 77. எரிப்புக்குச் சாட்சியாகச் சட்ட அலுவலர் ஒருவரும் அங்கே நின்றார். எரிக்கும்படி எவரும் அவரை வற்புறுத்தவில்லை. மாறாக, அந்த ஓவியங்களை மீட்பதற்காக அவர் நீதிமன்றம் சென்று வழக்காடி வென்றிருந்தார். வழக்காடிப் பெற்ற சொத்தைத் தன் கையாலேயே தீயில் போடும் ஒரு மனிதரைப் பற்றி நாம் என்ன நினைப்பது? பிடிவாதம் என்பதா, முதுமையின் தடுமாற்றம் என்பதா, அல்லது கலை பற்றிய மிகத் தெளிவான ஒரு முடிவு என்பதா?

என்னைக் கேட்டால் மூன்றாவதையே சொல்வேன். அதற்கான நியாயத்தை இக்கட்டுரையில் முன்வைக்க முயல்கிறேன்.

ரூவோ சிறுவயதில் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களைச் செப்பனிடும் தொழில் பயின்றவர். தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் வர்ணங்கள் கனன்று நிற்கும் அவரது ஓவியங்களில் அந்தத் தொழிலின் சாயல் கடைசிவரை இருந்தது. ஓர் ஓவியத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, வர்ணத்தின் மேல் வர்ணம் பூசித் திருத்திக்கொண்டேயிருப்பது அவரது வழமை. 1913 இல் அம்புறுவாஸ் வொலார் என்ற ஓவிய வணிகர் அவரது கலைக்கூடத்தில் இருந்த அனைத்தையும் ஒருசேர வாங்கினார். முடியாதவற்றை ஆறுதலாக முடித்துக் கொடுக்கலாம் என்பது இருவருக்கும் இடையிலான இணக்கம். 1939 இல் வொலார் வாகன விபத்தொன்றில் இறந்துபோக, அவரது வாரிசுகள் ஓவியங்களுக்கு உரிமை கோரினர். 1947 இல் தீர்ப்பு ரூவோவின் பக்கம் வந்தது. ஒரு படைப்பு முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை படைத்தவனுக்கே உரியது. அவன் மனமொப்பிக் கையளிக்கும்வரை அது அவனுடையதே என்பது அத்தீர்ப்பின் சாரம். சுமார் 700 ஓவியங்கள் திரும்பி வந்தன. எஞ்சிய ஆயுளுக்குள் இவற்றைத் தன்னால் முடிக்க இயலாது என்று அவர் கருதியவையே தீக்கு இரையாயின.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூவோ அவற்றை மோசமான ஓவியங்கள் என்று எரிக்கவில்லை. முடியாத ஓவியங்கள் என்றே எரித்தார். தன் பெயரில் உலகத்தின்முன் நிற்கப்போவது எதுவென்று தீர்மானிக்கும் பொறுப்பை வாரிசுகளிடமோ, வணிகரிடமோ, எம்மைப் போன்ற விமர்சகர்களிடமோ விட்டுச்செல்ல அவர் விரும்பவில்லை.

தமது படைப்பில் திருப்தியுறாத ஓவியர்கள் எல்லோரும் நெருப்பை நாடியதில்லை. பலர் அதன்மேலேயே இன்னொன்றை வரைந்தனர். வின்சன்ட் வான்கோ 1887 இல் பரிஸில் வரைந்த புல்வெளி ஓவியமொன்றின் அடியில் ஒரு கிராமத்துப் பெண்ணின் முகம் மறைந்திருப்பதை 2008 இல் ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்களின் உதவியுடன் வெளிக்கொணர்ந்தனர். பிக்காசோ 1901 இல் வரைந்த நீல அறை என்னும் ஓவியத்தின் கீழும், கன்னத்தில் கையூன்றிய ஓர் ஆணின் உருவம் இருக்கிறது. இவற்றுக்குப் பின்னால் பெரிய தத்துவம் தேடத் தேவையில்லை. இருவரும் அக்காலத்தில் வறுமையில் இருந்தவர்கள். புதுத் துணி வாங்கப் பணமில்லாதவன் பழைய படத்தின்மேல் வரைகிறான். எம்மில் எத்தனை பேர் பழைய கொப்பியின் பின்பக்கங்களில் எழுதியவர்கள்! தோல்வியைத் தளமாக வைத்து அடுத்த படைப்பை எழுப்புவது ஏழைக் கலைஞனின் சிக்கனம். அதே சமயம் அதில் ஓர் ஆரோக்கியமும் இருக்கிறது. அவன் தோல்வியின்முன் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை.

இன்னும் சிலர் அழித்தனர். கிளோட் மொனே 1908 மே மாதத்தில், பரிஸில் நடைபெறவிருந்த கண்காட்சிக்குச் சற்று முன்னர், தனது அல்லிக்குள ஓவியங்களில் குறைந்தது 15 ஐக் கத்தியாலும் தூரிகையாலும் நாசமாக்கினார். கண்காட்சி தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு அது நடைபெற்றபோது அதே வரிசையைச் சேர்ந்த 48 ஓவியங்கள் சுவர்களில் தொங்கின. அழித்த கையே வரைந்த கையும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்த 15 உம் கிழிபடாமல் இருந்திருந்தால் பின்னைய ஓவியங்கள் வந்திருக்குமா என்பது விடையில்லாத கேள்வி. ஆனால் தன் வேலையோடு சமரசம் செய்துகொள்ளாத ஒருவரிடமிருந்தே அவை வந்தன என்பது உறுதி.

இவ்விடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். படைப்பாளி தன் படைப்புக்குச் சிறந்த நீதிபதியா? இல்லை என்பதற்கு உதாரணங்கள் தாராளமாக உண்டு. மைக்கலாஞ்சலோ முதுமையில், தன் கல்லறைக்கென்றே செதுக்கத் தொடங்கிய ஒரு சிற்பத்தை இடைநடுவில் உடைத்துக் கைவிட்டார் என்று அவரது சமகாலத்தவரான வசாரி எழுதினார். உடைந்ததை மாணவரொருவர் பொருத்தினார். இன்று புளோரன்ஸ் நகரின் அருங்காட்சியகமொன்றில் அது நிற்கிறது. அந்த முதிய முகத்தின்முன் நிற்பவர் எவரும், இது உடைந்தே போயிருக்கலாம் என்று சொல்லமாட்டார். பிரான்சிஸ் பேக்கன் இன்னொரு படி மேலே போனார். தன் ஓவியங்களில் நல்லவற்றையே தான் அதிகம் அழித்துவிடுவதாக அவரே நேர்காணலில் ஒப்புக்கொண்டவர். நன்றாக வந்ததை இன்னும் நன்றாக்க முயன்று, முடிவில் எல்லாவற்றையும் இழந்துவிடுவது அவரது பழக்கம்.

எனவே கலைஞனின் தீர்ப்பு எப்போதும் சரி என்று நான் வாதிடவில்லை. பிழையான தீர்ப்பாக இருந்தாலும் அதை வழங்கும் உரிமை அவனுடையது என்பதே என் கட்சி. தன் தோல்வியைத் தானே தீர்மானிக்க முடியாதவனுக்குத் தன் வெற்றியைத் தீர்மானிக்கும் தகுதி எங்கிருந்து வரும்?

பேக்கன் 1992 இல் இறந்த பின்னர் அவரது லண்டன் கலைக்கூடத்தில், கத்தியால் கிழிக்கப்பட்ட சுமார் 100 ஓவியத் துணிகள் கிடந்தன. அவற்றில் பல முகங்கள் வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கலைக்கூடம் அதன் தூசியோடும் குப்பையோடும் டப்ளின் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள ஹியூ லேன் காட்சிக்கூடத்தில் மீள அமைக்கப்பட்டு 2001 இல் திறக்கப்பட்டது. கிழிந்த துணிகளும் அந்தச் சேகரிப்பில் சேர்ந்தன. யாரும் பார்க்கக் கூடாது என்று ஒருவர் கத்தி வைத்ததை நாம் வரிசையில் நின்று பார்க்கிறோம். ஆய்வாளனுக்கு இது புதையல். ஆனால் ஒருவருடைய குப்பைக் கூடையைக் கிளறிவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் சூட்டும் போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

இந்தக் கூச்சத்தைப் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று முன்னரே உணர்ந்திருந்தது. 1914 இல் சார்ல் கமுவான் என்ற ஓவியர் தனக்குப் பிடிக்காத பல ஓவியங்களைக் கிழித்துக் குப்பையில் எறிந்தார். குப்பை பொறுக்குவோர் கையில் சிக்கிய துண்டுகள் சந்தைக்குப் போயின. யாரோ அவற்றை ஒட்டிச் சீராக்கினர். 1925 இல் அவை ஏலத்துக்கு வந்தபோது கமுவான் வழக்குத் தொடுத்தார். 1927 இலும், மேன்முறையீட்டில் 1931 இலும் அவரே வென்றார். எறிந்த துணி எடுத்தவனுக்குச் சொந்தமாகலாம், ஆனால் அதை மீண்டும் ஓவியமாக்கிக் காட்சிக்கு வைக்கும் உரிமை அவனுக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். துணி வேறு, படைப்பு வேறு. இந்த நுட்பமான வேறுபாட்டை இலக்கியக்காரரான நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அழிப்பையே காட்சியாக்கியவர்களும் உண்டு. அமெரிக்க ஓவியர் ஜோன் பல்டஸ்ஸாரி 1953 முதல் 1966 வரை தான் வரைந்தவற்றில் கைவசமிருந்தவற்றை 1970 இல் தகனம் செய்து, சாம்பலைப் பேழையொன்றில் வைத்து, அதையே ஒரு கலைப்படைப்பாக முன்வைத்தார். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வது ஒன்று. ஒப்புக்கொண்டதற்காகக் கைதட்டல் கேட்பது வேறொன்று. ஜேர்மனிய ஓவியர் கெர்ஹார்ட் றிக்டர் 1960 களில் சுமார் 60 ஓவியங்களை அழித்தவர். அழிக்குமுன் அவற்றில் பலவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார். அது பகட்டல்ல, ஒரு தயக்கம். அத்தயக்கம் எனக்கு மிக நெருக்கமானது. நாமும் கிழிக்குமுன் ஒருமுறை வாசித்துப் பார்ப்பவர்கள்தானே!

இனி எமது வீட்டு விடயத்துக்கு வருவோம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஒரு நாட்டில், எழுத்தை எரிப்பது என்ற பேச்சே மனதை உறுத்துவது இயல்பு. ஆயினும் பிறர் வைத்த தீயையும் படைப்பாளி தானே வைத்த தீயையும் ஒன்றாக எண்ணலாகாது. முன்னையது பறிப்பு. பின்னையது தெரிவு. இழந்தவை அதிகமான ஒரு சமூகம் எதையும் இனி இழக்கக் கூடாது என்று பதறுவது புரிந்துகொள்ளக்கூடியதே. அந்தப் பதற்றத்தில்தான் ஓர் எழுத்தாளர் மறைந்ததும் அவரது மேசை இழுப்பறை முதல் தலையணை உறை வரை தேடி, கிடைத்ததையெல்லாம் அச்சேற்றி முழுத் தொகுப்பு என்று வெளியிடுகிறோம். அவர் வெட்டிய வரிகளும் வெட்டாத வரிகளும் ஒரே எழுத்தில், ஒரே தாளில் அருகருகே நிற்கின்றன. எது அவர் தந்தது, எது நாம் எடுத்தது என்று வாசகருக்குத் தெரிவதில்லை. பின்னர் ஒரு விமர்சகர் வந்து, அவர் தராத கவிதையை வைத்து அவரை எடைபோடுவார். பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

உடனே கஃப்காவை நினைவூட்டுவார்கள். 1924 இல் இறந்த கஃப்கா தன் எழுத்துகளை எரித்துவிடும்படி நண்பர் மக்ஸ் புறொட்டிடம் கேட்டிருந்தார். நண்பர் அதைக் கேட்டிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்பது வாதம். வலுவான வாதம்தான். ஆனால் கஃப்கா எரிக்கத் தெரியாதவரல்ல. உயிரோடிருக்கையில் தன் கையாலேயே பலவற்றை எரித்தவர். அந்த வேண்டுகோளை நிறைவேற்றமாட்டேன் என்று புறொட் முகத்துக்கு நேரே சொன்ன பின்னரும் அவர் வேறொருவரைத் தேடவில்லை. எரித்தவை அவரது தீர்ப்பு. எரிக்காமல் விட்டவை அவரது சந்தேகம். சந்தேகத்தைத் திறந்து பார்க்க நண்பருக்கு இடமிருந்தது என்றே கருதுகிறேன். எல்லாவற்றையும் பதிப்பிக்கும் எம்மவர்களுக்கு இது அனுமதிப் பத்திரமாகாது. வெளியிடுவதானால் இது கைவிடப்பட்டது, இது வரைவு என்று முன்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இறந்தவருக்குச் செய்யும் குறைந்தபட்ச நீதி.

எல்லை எது என்ற கேள்வி எஞ்சுகிறது. ரூவோ வழக்கின் தீர்ப்பிலேயே அதற்கான விடை இருக்கிறது. கையளிக்கும்வரைதான் உரிமை. கையளித்த பின்னர் இல்லை. இதை நான் நீதிமன்றத்தில் கற்கவில்லை. அக்கரைப்பற்றில், ஒரு நண்பரின் வீட்டு முன்விறாந்தையில் கற்றேன்.

இளவயதில் மெலிந்த கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டேன். 300 பிரதிகள். சில ஆண்டுகளுள் அது எனக்கு வெறுத்துப்போனது. வரிக்கு வரி யாரோ பெரிய கவிஞரின் குரல். என்னுடையது என்று சொல்ல அட்டையில் பெயர் மட்டுமே இருந்தது. விற்காத கட்டுகளை நானே அழித்தேன். உறவினர் வீடுகளில் இருந்ததை இரவல் என்று வாங்கி வந்து திருப்பிக் கொடுக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் கண்டதை விலை கொடுத்தே வாங்கினேன். என்னைவிட இளையவரான ஓர் ஆசிரியரிடம் ஒரு பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரிடமும் போனேன். வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் உள்ளே சென்று புத்தகத்தை எடுத்து வந்தார். என்னிடம் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். நான் மிகவும் வெட்கப்படும் கவிதைகளுள் ஒன்று அது. ஓரத்தில் பென்சிலால் ஒரு திகதி குறித்திருந்தது. அவரது வாப்பா மௌத்தான நாள்.

“காக்கா, எழுதினது நீங்கதான். இல்லெண்டு சொல்லல்ல. ஆனா இப்ப இது என்ட.”

எனக்கு மறுமொழி வரவில்லை. ரூவோ எரித்தது தன் கையை விட்டுப் போகாதவற்றை. நான் எரிக்கத் தேடியது போய்ச் சேர்ந்துவிட்ட ஒன்றை. அந்தக் கவிதை பற்றிய எனது அபிப்பிராயம் அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. அது மோசமான கவிதைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு இனி என்னுடைய மேசைக்கு மட்டுமே செல்லுபடியாகும். அவரது வீட்டில் அது செல்லாது.

எழும்பி வருமுன், அதில் இருந்த ஓர் எழுத்துப்பிழையையாவது திருத்திவிடட்டுமா என்று கேட்டுப் பேனாவை எடுத்தேன். அதற்கும் அவர் விடவில்லை.