லிப்ஃபோமா எங்கே போனது?

‘படித்தான்’ என்ற சொல்லைக் கொடுத்தால் வினையடி ‘படி’, இறந்தகாலம், படர்க்கை, ஆண்பால், ஒருமை என்று பிரித்துக் காட்டும் கருவி தமிழிமோர்ஃப். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையின் சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸ், ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து மிரியம் பட் ஆகியோர் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2021இல் வெளியிட்டார்கள். அந்தக் கருவிக்கு அடித்தளம் ஃபோமா என்ற மென்பொருள். மான்ஸ் ஹல்டன் சி மொழியில் எழுதி 2009இல் அறிமுகப்படுத்திய அந்த மென்பொருளோடுதான் இந்தக் கட்டுரை பேசும் கைவேலை தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸுக்கு அருகே ஓர் அறையில் இருக்கும் மாணவர் ஒருவர் ஃபோமாவின் மூலநிரலை இறக்கி, தொகுத்து, தம்முடைய உபுண்டுவில் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிழை எதுவும் வரவில்லை. பிறகு பைதனிலிருந்து அதை அழைக்கிறார். லிப்ஃபோமா என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பே இல்லை என்று கணினி நின்றுவிடுகிறது. ஆனால் கோப்பு இருக்கிறது. யூஎஸ்ஆர் அடைவுக்குள் லோக்கல், அதற்குள் லிப் என்று திறந்து பார்த்தால் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது.

இந்த இடத்தில் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவார்கள். கைத்தொலைபேசி டேட்டாவில் இணையம் பார்ப்பவருக்கு அது காசுச் செலவும்கூட. கைதேர்ந்தவர் ஒரே ஒரு கட்டளை கொடுப்பார்: எல்டிகான்ஃபிக். லினக்ஸில் நிரலை ஓடவிடும் லோடர் ஒவ்வொரு தடவையும் எல்லா அடைவுகளையும் துழாவுவதில்லை. எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலையே பார்க்கும். புதிதாக வந்த லிப்ஃபோமா அந்தப் பட்டியலில் ஏறவில்லை, அவ்வளவுதான். எல்டிகான்ஃபிக் பட்டியலைப் புதுப்பிக்கிறது. எதையும் இறக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை, ஒரு கோப்பின் இடம்கூட மாறவில்லை. ‘படித்தான்’ பிரிந்து வருகிறது. இவ்வளவு சிறிய தொடுகையால் இவ்வளவு பெரிய தடை விலகுவதைப் பார்ப்பதில் ஓர் உண்மையான அழகு இருக்கிறது.

அந்தத் தொடுகைக்குப் பின்னால் இருப்பது வாசிப்பு. பைதன் தரும் பிழைச் செய்தி திரை நிறைய ஓடும். தேர்ந்தவரின் கண் நேரே கடைசி வரிக்குப் போகும். கேட்கப்பட்ட லைப்ரரி எது, அதன் பெயருக்குப் பின்னால் உள்ள எண் என்ன என்பவற்றை அந்த வரி சொல்லிவிடும். கேட்டது யார் என்பதற்கு எல்டிடி என்ற கட்டளை உண்டு. ஒரு நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளையெல்லாம் வரிசையாகக் காட்டி, கிடைக்காததற்கு எதிரே ‘காணவில்லை’ என்று குறித்துத் தரும். (நம்பத்தகாத இடத்திலிருந்து வந்த கோப்பின் மேல் எல்டிடியை ஓட்டக் கூடாது, சில வேளை அந்த நிரலே ஓடத் தொடங்கிவிடலாம்.)

பெயருக்குப் பின்னால் வரும் அந்த எண்ணைத்தான் பலர் பொருட்படுத்துவதில்லை. அறிவியல் கணக்குகளுக்கான பைதன் லைப்ரரியான சைபைக்குள் இன்றும் ஃபோர்ட்ரான் நிரல்களின் பரம்பரை ஓடுகிறது. அது சார்ந்திருக்கும் நேரியல் இயற்கணித லைப்ரரியான லாபேக் 1992இல் வெளிவந்தது. பிளாஸ் அதற்கும் முந்தியது, 1979. ஜிசிசி என்ற தொகுப்பியால் கட்டிய இவற்றை ஓட்ட லிப்ஜிஃபோர்ட்ரான் வேண்டும். ஜிசிசி 6ஆம் பதிப்பில் அதன் எண் 3. ஜிசிசி 7இல் 4 ஆனது, 8இலிருந்து 5. எண் மாறியதென்றால், பழையதை நம்பிக் கட்டிய நிரல் புதியதோடு ஒத்துப்போகாது என்று ஆக்கியவர்களே நேர்மையாக அறிவித்துவிட்டார்கள் என்று பொருள். 3 இல்லையென்றால் 5ஐ எடுத்து 3 என்று பெயரிட்டு ஒரு குறுக்கிணைப்புப் போட்டுவிடலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழும். போர்க்காலச் சோதனைச்சாவடியில் இன்னொருவரின் அடையாள அட்டையை நீட்டுவது போன்ற வேலை அது. வாசலில் விட்டுவிட்டாலும் உள்ளே முதற்கேள்வியில் அகப்படும். அறிவியல் கணக்கில் ஆபத்து இன்னும் பெரிது, நிரல் நிற்காமல் பிழையான விடையைத் தந்துகொண்டும் இருக்கலாம். இப்படிப் பெயர் மாற்றி ஒப்பேற்றுவதைத் திருத்தம் என்று ஏற்க முடியாது.

மிக நயமான திருத்தம், லைப்ரரியே சேர்க்காத திருத்தம். திரை இல்லாத சேர்வர் ஒன்றில், படங்களைக் கையாளும் லைப்ரரியான ஓப்பன்சிவியை அழைத்தால் லிப்ஜிஎல் இல்லை என்று முறையிடும் சந்தர்ப்பம் மிகப் பரவலானது. அந்த லைப்ரரியை நிறுவினால் வேலை நடக்கும். ஆனால் லிப்ஜிஎல் திரையில் படம் வரைவதற்கு உரியது. படங்களை எண்களாக மட்டும் கையாளும் நிரலுக்கு அது எதற்கு? சாளரம் திறக்கும் பகுதியை நீக்கிய ‘ஹெட்லெஸ்’ பதிப்பு ஓப்பன்சிவிக்கு உண்டு. அதை நிறுவினால் கேள்வியே எழாது. கேட்டதைக் கொடுக்காமல், கேட்டதன் காரணத்தை ஆராய்ந்தவரின் முடிவு அது.

இன்றைய மாணவர் எண்கணக்குக்கான பைதன் லைப்ரரியான நம்பையை ஒரே வரியில் நிறுவுகிறார். காரணம், 2016இல் வந்த மெனிலினக்ஸ் என்ற ஏற்பாடு. அதன்படி ஆடிட்வீல் என்ற கருவி தேவையான லைப்ரரிகளைப் பொதிக்குள்ளேயே வைத்து, மற்றவற்றோடு மோதாதபடி பெயரையும் மாற்றி அனுப்புகிறது. முன்பு ஒவ்வொரு மேசையிலும் நடந்த திருத்தத்தைப் பொதி கட்டுபவர் ஒருமுறை எல்லோருக்குமாகச் செய்துவிடுகிறார். ஆனால் சின்னஞ்சிறு குழுக்கள் ஆக்கும் மொழிக் கருவிகளுக்கு இந்த வசதி எப்போதும் அமைவதில்லை. தமிழ்க் கருவிகள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவை.

ஆகவே தமிழுக்காக நிரல் எழுதும் யாழ்ப்பாணத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவல் குறிப்பில், உங்கள் கருவி கேட்கும் ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். எந்த உபுண்டுப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். எல்டிகான்ஃபிக் தேவைப்பட்டால் அந்த ஒரு வரியை விடாதீர்கள். முடிந்தவர்கள் லைப்ரரிகளையும் உள்ளடக்கிய பொதியாகவே கட்டி வெளியிடுங்கள்.