சின்னக் குழுவின் பெரிய சோதனை

நம் கைபேசியில் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் காத்து வைத்திருப்பது பெரும்பாலும் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கியது. இன்றும் அதைப் பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஆனால் 3.42 பதிப்பில் மூல நிரல் சுமார் 1,56,000 வரிகள் என்றால், அதைச் சோதிக்கும் நிரல் அதைப்போல் 590 மடங்கு!

எனக்கு மிகவும் பிடித்தது நினைவகச் சோதனை. மென்பொருள் முதல்முறை நினைவகம் கேட்கும்போதே வேண்டுமென்று கைவிரித்துவிடுகிறார்கள். அது நிலைகுலையாமல், தரவைக் கெடுக்காமல், பிழையைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் இரண்டாவது முறை கேட்கும்போது மறுப்பு, அதற்கடுத்து மூன்றாவது முறை. வேலை தடையின்றி முடியும்வரை இப்படியே போகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் இதே பொறுமையோடு சோதிக்கிறார்கள். என்ன அழகான பிடிவாதம்!

இத்தனையையும் எந்நேரமும் ஓட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் சில நிமிடங்களில் முடியும் சிறு தொகுப்பு. பெரும்பாலான பிழைகள் அதிலேயே சிக்கிவிடும். வெளியீட்டுக்கு முன்புதான் முழுச் சோதனை. நேரத்தை இப்படிப் பங்கிடுவதில்தான் நிர்வாகத் திறமை இருக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு: பழைய பதிப்பில் பிழையை வெளிக்காட்டும் சோதனை ஒன்றைச் சேர்க்காதவரை, அந்தப் பிழை சரிசெய்யப்பட்டதாகக் கணக்கில்லை. சின்னக் குழுவில் வேலை செய்கிறவர்களே, இந்த ஒரு விதியையாவது இன்றே எடுத்துக்கொள்ளுங்கள்.