நாச்சியார் திருமொழி: தேர்ந்துகொண்ட துயரம்

நாச்சியார் திருமொழி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய இரண்டு நூல்களுள் ஒன்று. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் திருப்பாவையை அடுத்து வருகிறது. பதினான்கு திருமொழிகளாக 143 பாசுரங்கள் கொண்டது. திருப்பாவையின் 30 பாசுரங்களையும் சேர்த்தால் ஆண்டாள் பாடியவை 173. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவள் என்பது பலர் கருத்து. திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழம் பற்றிய குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் 731ஆம் ஆண்டு என்று கணக்கிட்டார்.

மார்கழி பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டுமல்லாமல், வத்திராயிருப்பை ஒட்டிய நெசவாளர் ஊரான சுந்தரபாண்டியம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் விடியுமுன் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து போட்டிகளில் ஒப்பிப்பார்கள். நாச்சியார் திருமொழிக்கு அப்படி ஒரு மாதமும் இல்லை, போட்டியும் இல்லை. அதன் ஆறாம் திருமொழியான 'வாரணமாயிரம்' மட்டும் வைணவத் திருமண வீடுகளில் தவறாமல் ஓதப்படுகிறது. மாப்பிள்ளை வருகிறார், பந்தல் போடுகிறார்கள், கைத்தலம் பற்றுகிறார். எல்லாம் மங்கலம். ஆனால் அந்தத் திருமணம் ஒரு கனவு. தோழியிடம் சொல்லும் கனவு. அதற்கு முந்தைய திருமொழியில் அவள் குயிலிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அடுத்த திருமொழியில் கண்ணனின் வாயமுதம் பருகும் சங்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். இரு பக்கமும் உள்ள அழுகையை வெட்டிவிட்டு நடுவிலுள்ள கனவை மட்டும் எடுத்து வாழ்த்தாக ஓதுகிறோம். இந்த வெட்டே நூலின் மையப் பொருளை மறைத்துவிட்டது. அந்த மையப் பொருள், தானே விரும்பித் தேர்ந்துகொண்ட ஒன்றால் ஒருவர் படும் துன்பம்.

தேர்வு எங்கே நிகழ்கிறது

முதல் திருமொழியிலேயே தேர்வு நிகழ்ந்துவிடுகிறது. தை மாதம் முழுவதும் தரையைச் சுத்தம் செய்து, கோலமிட்டு, மன்மதனை நோற்கிறாள். தன் உடல் சக்கரம் ஏந்தியவனுக்கென்று வளர்ந்தது என்றும், மானிடர்க்கு என்று பேச்சு எழுந்தால் வாழமாட்டேன் என்றும் சொல்கிறாள். வேள்விக்கென வைத்த அவியைக் காட்டு நரி மோந்து பார்ப்பது போலாகும் என்று அதற்கு உவமையும் தருகிறாள். திருமாலைத் தவிர வேறு தெய்வம் அறியாத வீட்டுப் பெண் மன்மதன் காலில் விழுவது உரைகாரர்களைச் சங்கடப்படுத்தியிருக்கிறது. ஆற்றாமை மிகுந்ததால் நேர்ந்தது என்று அமைதி சொல்வார்கள். அமைதி தேவைப்படாத இடம் அது. வேண்டியது எது என்பதை அவள் முடிவு செய்துவிட்டாள். அதை அடையும் வழியில் யார் காலில் வேண்டுமானாலும் விழத் தயார். சுதந்திரமான தேர்வு என்றால் தலைநிமிர்ந்து நிற்பதுதான் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாசுரங்கள் புரிவது கடினம்.

ஒருமுறை முடிவெடுத்தால் போதும் என்பதும் இல்லை. கண்ணை மூடிக் கூடல் வட்டம் இழைத்துப் பார்க்கிறாள். கண்ணன் வரக் கூவினால் தன் கிளியோடு தோழமை செய்து வைப்பதாகக் குயிலுக்கு ஆசை காட்டுகிறாள். மேகத்தை வேங்கடத்துக்குத் தூது விடுகிறாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். (அந்த நேர்ச்சையைப் பின்னாளில் இராமாநுசர் நிறைவேற்றினார் என்பது மரபு.) எந்த முயற்சியும் பலிப்பதில்லை. ஒவ்வொரு திருமொழியின் முடிவிலும் அவள் விலகிக்கொள்ளலாம், ஊரார் காட்டும் மாப்பிள்ளைக்குத் தலையசைக்கலாம். அடுத்த திருமொழியில் மறுபடி தொடங்குகிறாள். பதினான்கு திருமொழிகளும் ஒரே தேர்வைப் பதினான்கு முறை புதுப்பிப்பவை என்று படித்தால் நூலின் அமைப்பு விளங்கும்.

கண்ணகியும் கோதையும்

தமிழில் துயரத்தின் காரணம் பற்றிய பேச்சு சிலப்பதிகாரத்தைத் தொடாமல் நடப்பதில்லை. இங்கே தொட வேண்டிய தேவையும் இருக்கிறது. கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரையின் மேல் எறிகிறாள். நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் திருமொழியில் ஆண்டாளும், பயனற்ற தன் கொங்கையை வேரோடு பறித்துக் கண்ணன் மார்பில் எறிந்து தன் நெருப்பை ஆற்றிக்கொள்வேன் என்கிறாள். செயல் ஒன்றுபோல் தோன்றினாலும் எறியப்படும் இடம் வேறு. கண்ணகிக்கு நேர்ந்தது அவள் கேட்காதது. கணவன் பிரிந்தது, சிலம்பு விற்க மதுரைக்குப் போனது, கொலையுண்டது எதிலும் அவள் முடிவு இல்லை. எனவே அவள் எறிவது அநீதி செய்த நகரத்தின் மேல். ஆண்டாள் எறிய நினைப்பது தான் தேர்ந்தெடுத்தவன் மேல்.

கேட்காமல் வந்த துன்பம் விளக்கம் கேட்கும். அதனால்தான் மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது: பரதன் என்பவனாகப் பிறந்திருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்தான், அவன் மனைவி நீலி சாபமிட்டாள், அது இப்போது பலித்தது. இந்தக் கணக்கு கண்ணகியின் துயரத்தை எந்த அளவுக்கு ஆற்றியது என்பது வேறு கேள்வி. சற்றும் ஆற்றவில்லை என்றே படிப்பவருக்குத் தோன்றும். ஆண்டாளுக்கு இத்தகைய கணக்கு யாரும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. பத்தாம் திருமொழியில் ஓரிடத்தில் தன்னைப் பாவி என்று சொல்லிக்கொள்கிறாள். ஆனால் பழியைத் தன் பாவத்தின் மேல் நிறுத்துவதில்லை. பாம்பில் படுத்தவனுக்கும் தன் பொருட்டு அந்தப் பாம்பைப் போல இரட்டை நாக்கு வந்துவிட்டதே என்று அவன்மேல் திருப்பிவிடுகிறாள். எறிவேன் என்ற பாசுரத்தை அடுத்தே, இந்தப் பிறவியில் அவனுக்குச் சிறு பணிவிடையும் செய்ய முடியாமல் இனிமேல் போய்ச் செய்யும் தவத்தால் என்ன பயன் என்றும் கேட்கிறாள். கண்ணகிக்கு முற்பிறவி விளக்கமாக வருகிறது. ஆண்டாள் மறுபிறவியை ஆறுதலாகக்கூட ஏற்பதில்லை.

விரகத்தைச் சீவான்மாவின் தவிப்பு என்று மட்டும் சொல்லி முடிக்கும் விளக்கங்கள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. உவமைக்கு வலிக்காது. நூலில் வலி இருக்கிறது. வளை கழல்கிறது, உடல் மெலிகிறது, ஊர் பேசுகிறது.

பூனையும் குரங்கும்

வைணவத்துக்குள் நடந்த பெரிய விவாதம் ஒன்று இதே கேள்வியைச் சுற்றியது. தாய்க்குரங்கைக் குட்டி தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். உயிர் இறைவனைப் பற்ற வேண்டுமா, இறைவனே எடுத்துக்கொள்வானா என்பதில் வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் சார்ந்தனர். இராமாநுசரோ தம் ஸ்ரீபாஷ்யத்தில் உயிரின் முதல் முயற்சியைப் பார்த்தே இறைவன் அனுமதி அளிக்கிறான் என்று விளக்கி, விருப்பத்துக்கு இடம் வைத்திருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தென்கலை மரபைச் சேர்ந்தது. ஆனால் அவ்வூர்ப் பெண் பாடிய நாச்சியார் திருமொழியில் ஒலிப்பது குரங்குக்குட்டியின் குரல். பேரம் பேசுகிறது, மிரட்டுகிறது, பிடியை விடுவதில்லை. சம்பிரதாயப் பெரியவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். பாசுரங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

விலையில் பங்கு கொடுத்தவர்

அண்மைக் காலத்தில் ஆண்டாளைக் கட்டுகளை உடைத்த பெண்ணாகப் படிப்பது பெருகியிருக்கிறது. அந்த வாசிப்பில் உண்மை உண்டு. விட்டுப்போகும் ஒன்றும் உண்டு. பன்னிரண்டாம் திருமொழியைப் பார்க்கலாம். ஊரார் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இனி நாணி என்ன பயன் என்று தாய்மாரிடம் சொல்கிறாள். தந்தையும் தாயும் உற்றாரும் இருக்கத் தனியே போய்விட்டாள் என்ற சொல் வந்துவிட்டால் பின்னர் பழியைக் காக்க முடியாது என்றும், ஆகவே நள்ளிரவில் என்னை நந்தகோபன் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றும் கேட்கிறாள். தன் முடிவின் விலையை வீட்டாரும் கொடுக்க வேண்டிவரும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பின்வாங்கவில்லை, விலையைக் குறைக்க ஒரு வழி சொல்கிறாள், அவ்வளவுதான். ஒருவர் சுதந்திரமாகத் தேர்ந்ததால் இன்னொருவர் கேட்காமலே துன்பப்படுகிறார். இந்த நூலைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இதுதான்.

அந்த இன்னொருவர் பெரியாழ்வார். அவருடைய திருமொழியில் மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழி, மகளைக் கண்ணன் கொண்டுபோன பின் தாய் புலம்புவதாக அமைந்தது. பனி கொட்டிப் பூவுதிர்ந்து அழகழிந்த தாமரைக் குளம்போல வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்தேன், மால் கொண்டுபோய்விட்டான் என்கிறாள் தாய். பிறகு அவள் மனம் போகும் வழி, பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த வீட்டிலும் கேட்கக் கூடியது. மாமியார் யசோதை மருமகளைக் கண்டு மகிழ்ந்து உரிய சிறப்புச் செய்வாளா? விடியுமுன் எழுந்து தூங்காமல் தயிர் கடைய இவளால் முடியுமா? கயிறு இழுத்து இழுத்துக் கை காய்த்துப் போகுமோ? தெய்வத்துக்கே கொடுத்தாலும் கை காய்க்கும் என்ற கவலை போகவில்லை.

இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது தவறு. மகள் உடன்போனபின் தாய் வருந்துவது சங்க அகப்பாடல்களிலேயே உள்ள துறை. பெரியாழ்வார் அதை எடுத்தாண்டிருக்கிறார். ஆண்டாள் என்று ஒருவர் இருந்ததில்லை, பெரியாழ்வாரே அந்தப் பெயரில் பாடினார் என்ற கருத்தை ராஜாஜி எழுதியதும் உண்டு. இரு நூல்களின் நடையையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் அதை ஏற்பது கடினம். வளர்த்தவரின் தவிப்பும் போகத் துடிப்பவளின் தவிப்பும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவையாகத் தெரியவில்லை.

போகத் துடிப்பவளும் தந்தையை உதறிவிட்டுப் பாடவில்லை. திருமொழிகளின் இறுதிப் பாசுரங்களில் விட்டுசித்தன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் கோதை என்பதே அவள் இடும் கையொப்பம். பத்தாம் திருமொழியின் முடிவில், நாம் என்ன செய்ய முடியும், விட்டுசித்தர் தம் தேவரை வல்லவாறு வரவழைத்தால் அப்போது காண்போம் என்று தோழியிடம் சொல்கிறாள். அடுத்த திருமொழியின் முடிவிலோ, திருவரங்கர் சொன்ன மெய்யான பெருவார்த்தையை என் தந்தை கேட்டிருக்கிறார், அது பொய்யானால் இனி யார் சரிசெய்வது என்கிறாள். யாரைத் துன்பத்துக்கு உள்ளாக்கினாளோ அவரையே சாட்சிக்கு அழைக்கிறாள்.

நூல் கூடலில் முடிவதில்லை. கடைசித் திருமொழி கேள்வியும் விடையுமாக அமைந்தது: அவனைக் கண்டீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது, விருந்தாவனத்தில் கண்டோம் என்று மறுகுரல் சொல்கிறது. கண்டதாகச் சொல்லப்படுகிறதே தவிர, கைபிடித்ததாக இல்லை. பல்லக்கில் திருவரங்கம் போய் அரங்கனோடு கலந்தாள் என்பது குருபரம்பரைக் கதைகள் தரும் முடிவு.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் வேறொரு முடிவையும் வைத்திருக்கிறது. அங்கே ரங்கமன்னார் நிற்கும் கருவறையில் ஒரு பக்கம் ஆண்டாள், மறுபக்கம் கருடாழ்வார். மற்றக் கோயில்களில் கருடன் பெருமாளுக்கு எதிரே சந்நிதிக்கு வெளியில் நிற்பார்; இங்கே மணமக்களோடு ஒரே வரிசையில் கைகூப்பி நிற்கிறார். பெரியாழ்வாரைக் கருடனின் அம்சமாகக் கொள்வது மரபு.