உத்திரத்துக்கு எத்தனை அங்குல ரம்பம்?

காங்கேயம் வட்டாரத்தில் ஓட்டு வீட்டுக்குக் கூரை கட்டும் ஆசாரியிடம் மின்சார ரம்பம் இருக்கிறதா என்று கேட்டால், அவர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் கல் அறுக்கும் இயந்திரத்தைத்தான். நாலு அங்குல மார்பிள் கட்டர். அதிலிருந்த வைர பிளேடைக் கழற்றிவிட்டு, கார்பைடு பல் வைத்த மர பிளேடை மாட்டியிருப்பார். கதவு நிலை, கட்டில், கைமரம், உத்திரம் எல்லாவற்றுக்கும் அதே கட்டர். இன்னொரு பக்கம், கொஞ்சம் வசதியுள்ள தோட்டத்து வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பதினாறு அங்குல பிளேடு சுழலும் ராட்சத ரம்பத்தை வரவழைக்கத் துடிக்கிறார்கள். இரண்டுமே தப்பான அளவு என்பது என் கட்சி. ஆனால் கட்டர்காரரின் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கிறது.

மரம் வைத்துக் கூரை கட்டுவதே இங்கே குறைந்துவிட்டது. தேங்காய்ப் பருப்புக் களத்துக் கொட்டகையும் அரிசி ஆலைக் கிடங்கும் இரும்புக்கும் தகரத்துக்கும் மாறி வெகு காலமாயிற்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய தொட்டிக்கட்டு வீடுகளைப் பழுது பார்க்கும் இடத்திலும், காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் தேக்கை வாங்கிவந்து கட்டும் தோட்டத்து வீடுகளிலும், கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்து ஓர மாட்டுக் கொட்டகைகளிலும்தான் மரவேலை மிஞ்சியிருக்கிறது. இங்கே புழங்கும் மரத்தின் கனம் என்ன என்பதிலிருந்து ரம்பத்தைத் தேடுவதுதான் முறை. நடப்பதோ தலைகீழ்: கடைக்காரர் சொல்லும் வாட்டும் விலையும் முதலில் வருகின்றன, மரம் கடைசியில் வருகிறது.

கைமரம் அஞ்சுக்கு மூணு, அல்லது நாலுக்கு ரெண்டரை. உத்திரம் ஆறுக்கு நாலு. தூண் ஆறுக்கு ஆறு, எப்போதாவது எட்டுக்கு எட்டு. அஞ்சுக்கு மூணு கைமரத்தைப் படுக்கப் போட்டு அறுத்தால் பிளேடு 76 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 110 மி.மீ. பிளேடு மாட்டிய கட்டர் ஏறக்குறைய 34 மி.மீ.தான் இறங்கும். புரட்டிப்போட்டு மறுபக்கமும் அறுத்தால் 68. நடுவில் எட்டு மி.மீ. அறுபடாமல் நிற்கும், அதைக் கைரம்பத்தால் முடிக்க வேண்டும். மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்காமல் படி விழுவது சகஜம். படி விழுந்த முனை உத்திரத்தின் மேல் முழுசாக உட்காராது. ஆப்பு செருகுவார்கள், ஆணியைக் கூட்டுவார்கள், மேலே ஓடு ஏறியதும் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து மழை கழித்து ஓட்டு வரிசை நெளியும்போது மரத்தைத்தான் குறை சொல்வார்கள்.

ஆபத்து தனிக் கணக்கு. கட்டர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்றாயிரம் சுற்று சுழல்வது. கல் பிளேடைக் கவ்வாது, மரம் கவ்வும். ஈரம் ஆறாத வேம்போ வாகையோ அறுபடும்போதே வாய் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும், இயந்திரம் பின்னால் துள்ளும். மர ரம்பத்தில் அதற்காகவே கீழ்மூடி ஒன்று தானாக இறங்கிப் பல்லை மறைக்கும். கட்டரில் அது கிடையாது. குந்த உட்கார்ந்து, காலால் மரத்தை மிதித்துக்கொண்டு அறுப்பது நம் தச்சு வழக்கம். துள்ளும் பிளேடுக்கு மிக அருகில் இருப்பது அந்தக் கால்.

இவ்வளவு தெரிந்தும் கட்டரை ஏன் விடுவதில்லை? அறியாமை என்று சொல்லித் தள்ளுவது சோம்பேறித்தனமான பதில். கட்டர் கையில் ஏந்தி ஏணியில் ஏறும் எடை. கார்பன் பிரஷ் தேய்ந்தால் சின்ன ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். காலையில் மரம், மாலையில் தரைக்கல் என்று ஒரே இயந்திரம் இரண்டு கூலி சம்பாதிக்கும். தோட்டத்து வீட்டின் சாதாரணப் பிளக்கில், நூறடி மெல்லிய வயரை இழுத்துச் செருகினாலும் ஓடும். பெரிய ரம்பத்தைச் சிபாரிசு செய்பவர் முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி அந்த ராட்சதம். மகிட்டாவின் 5402 என்ற ரம்பம் அமெரிக்க மரச்சட்ட வேலைக்காரர்களிடையே பிரசித்தம்: 415 மி.மீ. பிளேடு, 159 மி.மீ. ஆழம், பதினாலரைக் கிலோ எடை. ஜெர்மனியின் மாஃபெல் நிறுவனம் இன்னும் நுட்பமான தச்சு ரம்பங்களைச் செய்கிறது, விலையும் அதற்கேற்பத்தான். அங்கெல்லாம் எட்டு அங்குலம், பத்து அங்குலத் தடிமனுள்ள மரத்தில் கழுந்தும் துளையும் போட்டு வீடே எழுப்புகிறார்கள், அதனால் அந்த அளவு அங்கே பொருந்துகிறது. ஆறு அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வமான ஊரில் அதே ரம்பம் வருஷத்தில் பெரும்பகுதி சாக்குக்குள் தூங்கும். வாங்குகிற வழியிலும் கண்ணி இருக்கிறது. அமெரிக்காவுக்கான இயந்திரம் 120 வோல்ட், ஜப்பானிலிருந்து பழையதாக வருவது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே மோட்டார் கருகும். கருகாமலிருக்க, கனமான மின்மாற்றி ஒன்றை உடன் சுமக்க வேண்டும். உதிரிப் பாகம் ஒன்று போனால் அதற்கும் கடல் தாண்ட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில், விளம்பரமில்லாமல் ஒரு அளவு இருக்கிறது: 235 மி.மீ. வட்ட ரம்பம், கடைப் பேச்சில் ஒன்பது அங்குல ரம்பம். பாஷின் ஜிகேஎஸ் 235 இந்த வகை. வேறு நிறுவனங்களும் செய்கின்றன. ஆழம் 85 மி.மீ. நம் கைமரத்தின் 76-ஐ ஒரே வெட்டில் கடக்கிறது. ஆறுக்கு ஆறு தூண் 152 மி.மீ.; இரண்டு பக்கம் அறுத்தால் 170 ஆகிறது, தாராளம். எட்டுக்கு எட்டில்தான் திணறும்: நான்கு பக்கமும் அறுத்தபின் நடுவில் 33 மி.மீ. சதுரம் மிஞ்சும், கைரம்பம் அதை முடிக்கும். கொங்கு நாட்டுக் கூரைக்காகவே கணக்குப் போட்டுச் செய்ததுபோலப் பொருந்தும் ரம்பம் இது, செய்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. பிளேடை 45 பாகைக்குச் சாய்த்தால் ஆழம் 65-ஆகக் குறைகிறது. சாதாரணக் கைமரத்தின் முனைவெட்டுக்கு இது தடையில்லை, ஏனெனில் அந்தச் சாய்வை மரத்தின் அகலப்பக்கத்தில் கோடு போட்டு நேர்ப்பிளேடில்தான் அறுக்கிறோம். நாலாபுறமும் சரியும் கூரையின் மூலைக் கைமரம் வந்தால் பிளேடையும் சாய்த்தாக வேண்டும், அங்கே மாட்டிக்கொள்வோம். இயந்திரத்தின் எடை ஏழரைக் கிலோ, குந்த உட்கார்ந்து ஓட்ட முடியாது. மரத்தை இடுப்புயரக் குதிரை மேல் ஏற்றி, நின்று அறுக்கப் பழக வேண்டும். கட்டரிலிருந்து இதற்கு மாறத் தயங்கும் ஆசாரிகளுக்குப் பணத்தைவிட இந்த உட்காரும் முறைதான் பெரிய தடை என்று நினைக்கிறேன். மின்சாரமும் சிக்கல். இரண்டாயிரம் வாட் என்றால் ஒன்பது ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் இரண்டரை சதுர மி.மீ. வயரும் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும் தோட்டங்களில் எந்தப் பெரிய ரம்பமும் முனகத்தான் செய்யும்.

சிலர் இத்தனையும் வேண்டாமென்று பெட்ரோல் செயின் சா வாங்குகிறார்கள். மரம் சாய்க்கவும் துண்டு போடவும் அது உசத்தி. அதையே வைத்துப் பலகையும் சட்டமும் பிளக்கும்போதுதான் நஷ்டம். சங்கிலி தின்னும் அறுப்பு வாயின் அகலம் ஏறக்குறைய எட்டு மி.மீ. ஒரு அங்குலப் பலகையாகப் பிளந்தால் மரத்தில் கால்வாசி தூளாகிவிடும். அறுவை மில்லின் பட்டை ரம்பம் இதில் சிறு பங்கைத்தான் தின்னும். கன அடிக்கு அறுப்புக் கூலி கொடுத்தாலும் மில்தான் மலிவு. முழு மரத்தைப் பிளக்கும் வேலையை மில்லுக்கு விட்டுவிட வேண்டும். கையில் வைத்திருக்கும் ரம்பம் நீளம் வெட்டவும் பொருத்து எடுக்கவும் மட்டும் போதும். தோட்டத்திலேயே மோட்டார் வைத்து மேசை ரம்பம் போட்டு அக்கம்பக்கத்து மரத்தையும் அறுத்துக் கொடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. 1996-ல் கோதவர்மன் திருமுல்பாடு வனப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடங்கிவைத்த கட்டுப்பாடுகளுக்குப் பின், அறுவை மில் உரிமமில்லாமல் நடத்தும் தொழில் அல்ல. இலவச விவசாய மின்சாரத்தில் ஓட்டுவது இன்னொரு குற்றம்.

மில் கைவிடும் மரம் ஒன்று உண்டு: இடித்த வீட்டு மரம். உள்ளே ஆணி புதைந்திருக்கும் என்று மில்காரர் தொடமாட்டார், அவருடைய பட்டை ரம்பம் அறுந்தால் அன்றைய வேலை போச்சு. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த இடத்தில் ஒன்பது அங்குல ரம்பம் தன் விலையை மீட்கிறது: ஆணி தாங்கும் தடித்த பல் பிளேடு ஒன்றை மாட்டி, காந்தத்தால் மரத்தைத் தடவிப் பார்த்து அறுக்கலாம். பனை வேறு கதை. பழைய பனை வாரையின் கருத்த வைரம் சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு தவிர வழியில்லை. புதுப்பனைக்கு ஆசைப்பட வேண்டாம். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபடி, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

வாங்குவதற்குக் கோயம்புத்தூர் போதும், திருப்பூரிலும் கிடைக்கும். இயந்திரத்தின் மேல் பொறித்த பெயரை மட்டும் நம்பாமல் ஜிஎஸ்டி பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்க வேண்டும். போலிகள் அச்சு அசலாக வருகின்றன. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றைப் பலரும் கேட்பதில்லை: கார்பைடு பல்லை யார் தீட்டித் தருவார்கள்? வைரச் சக்கரத்தில் பல் தீட்டும் பட்டறை கோவையில் இருப்பதால்தான் இங்கே பெரிய பிளேடு கட்டுப்படியாகிறது. மழுங்கிய ஒன்பது அங்குல ரம்பம் கூரான நாலு அங்குலக் கட்டரைவிட மோசம்.

ராட்சத ரம்பத்துக்கும் இந்தச் சீமையில் வேலை இருக்கிறது, அது வீட்டுக் கூரையில் இல்லை. தேர்ப் பட்டறையில் இருக்கிறது. தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று காங்கேயத்துக்கு எட்டும் தூரத்தில் அவிநாசியில்தான் ஓடுகிறது. தேருக்கான இலுப்பை மரங்கள் ஒரு அடித் தடிமனில் வந்து கிடக்கும். அங்கே 415 மி.மீ. பிளேடு வாங்கினால் வீண்செலவு என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் மரத்தைப் புரட்டிப்போட்டுத்தான் அறுக்க வேண்டும்: ஒரு அடி 305 மி.மீ., அந்த ரம்பம் இரண்டு பக்கமும் சேர்த்து 318.