எதற்கு ஏற்ப?

ஆங்கிலத்தில் 'கமென்சுரேட்' என்றொரு சொல் உண்டு. அலுவலக ஆணைகளிலும், ஆள் தேவை விளம்பரங்களிலும் அது மிடுக்குடன் நடைபோடும். 'சமமான' என்று அதனைத் தமிழாக்குவோர் உளர். அது பிழை, பிழை மட்டுமன்று, தீங்கும் ஆகும் என்கிறோம்.

இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. 'உடன்வைத்து அளத்தல்' என்பது வேரின் பொருள். எனவே அது தனித்து நிற்கும் சொல்லன்று. ஒன்றுக்கு ஏற்ப மற்றொன்று என்று இரண்டைக் கேட்கும் சொல். 'ஏற்ற', 'தக்க' என்னும் நம் சொற்களே அதற்குப் பொருந்துவன. 'உழைப்புக்கேற்ற ஊதியம்' என்றால் பொருள் உண்டு. 'தக்க ஊதியம்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், தராசின் ஒரு தட்டை மறைத்துவிட்டார்கள் என்பதே பொருள்!

கள்ளக்குறிச்சிச் சமவெளியையும், அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையையும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இரு இடத்திலும் ஒரே தலைக்கணக்கில் மருத்துவ நிலையம் அமைத்தால் அது சமம். ஆனால் ஏற்றதாகுமா? சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது இந்திய அரசின் நெறி. ஆள் குறைவு, அலைச்சல் மிகுதி என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு அது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அதுவே நேரான விளக்கம்.

இனி மற்றொரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 1.1 விழுக்காடு. 1990 முதல் அவர்கட்குரிய தனி ஒதுக்கீடு 1 விழுக்காடு. தலைக்கணக்குக்கு அது ஏறத்தாழ ஏற்றதே; காக்கப்படவேண்டியதே. ஆனால் இழப்புக்கு ஏற்றதா? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. கல்வராயன் மலையின் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்ததோ 1976-இல்! மலைமகன் பின்தங்கி நின்ற அந்த 28 ஆண்டுகளை எந்தத் தட்டில் இட்டு நிறுத்தார்கள்?

தலையை எண்ணுவது எளிது. தாழ்வை அளப்பது அரிது. எளியதை மட்டும் அளந்துவிட்டு, 'ஏற்றதைத் தந்தோம்' என்பது சொல்லுக்கும் இழுக்கு, நீதிக்கும் இழுக்கு.

ஆதலின், இச்சொல்லை ஆணையிலோ அறிக்கையிலோ காணுந்தோறும் இளைஞர்கள் இரண்டு கேள்விகளை எழுப்பவேண்டும்: எதற்கு ஏற்ப? அளவுகோலைப் பிடித்த கை யாருடையது? விடை வராதவிடத்து, அச்சொல் வெறும் ஒலி, அளவன்று.