மறுக்கத் தெரிந்த மென்பொருள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை, லினக்ஸில் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஓடாது. டேட்டாபேஸுக்கு அடித்தளம் போடும் இனிட்-டிபி கட்டளையே, ரூட்டாக வந்தால் முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும். டேட்டா இருக்கும் ஃபோல்டரின் அனுமதியைத் தளர்த்திவிட்டு சர்வரைக் கிளப்பினாலும் இதே கதைதான். அனுமதி எண் 0700 (உரிமையாளருக்கு மட்டும்), மிஞ்சினால் 0750 (அவரது குழுவும் படிக்கலாம்). அதற்கு மேல் யாருக்காவது எட்டிப்பார்க்க வழி இருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சல். எனக்கோ இந்த முரண்டுதான் அதன் அழகு.

1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியின் வழி வந்தது இது. வாத்தியார் வீட்டுப் பிள்ளையின் கண்டிப்பு அதனிடம் இன்னும் இருக்கிறது. நிறுவி முடித்ததும் 5432 போர்ட்டில் காத்திருக்கும். ஆனால் அதே எந்திரத்துக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டும்தான் பதில் சொல்லும். டெபியனிலோ உபுண்டுவிலோ நிறுவினால் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் பயனரும் கூடவே உருவாகும். டேட்டாபேஸுக்குள் அதே பெயரில் இருக்கும் சர்வ அதிகாரக் கணக்குக்கு பாஸ்வேர்டே கிடையாது. வந்திருப்பது அந்த லினக்ஸ் பயனர்தான் என்று லினக்ஸ் சொன்னால் போதும், உள்ளே விடும். இல்லாத பாஸ்வேர்டை எவன் திருடுவான்?

ரசித்துப் படிக்க வேண்டியது, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் பிஜி-ஹெச்பிஏ ஃபைல். நெட்வொர்க் வழியாக வருபவருக்கான வரியில் ஐந்து பத்திகள்: எந்த வகை இணைப்பு, எந்த டேட்டாபேஸ், யார், எந்த முகவரி, எப்படிச் சரிபார்ப்பது. மேலிருந்து கீழே படித்து வரும். பொருந்தும் முதல் வரிதான் தீர்ப்பு. அங்கே பாஸ்வேர்டு தவறினால் அடுத்த வரியில் போய்க் கெஞ்ச முடியாது. எதுவுமே பொருந்தாவிட்டாலும் வெளியேதான். நல்ல கை எழுதிய ஃபைலில் ஒரு செயலிக்கு ஒரு பயனர், ஒரு டேட்டாபேஸ், ஒரே முகவரி என்று வரிகள் ஒடுக்கமாக இருக்கும். அவசரத்தில் யாரோ, எங்கிருந்து வந்தாலும் பொருந்தும் 0.0.0.0/0 என்ற முகவரியோடு, பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும் டிரஸ்ட் முறையைச் சேர்த்து ஒரு வரியை உச்சியில் செருகிவிட்டால், கீழே இருக்கும் ஒழுங்கெல்லாம் வெறும் அலங்காரம்.

இதையும் விட நுட்பமான வேலை ஒன்று உண்டு, வெளியே தெரிவதில்லை. 2017இல் 10ஆம் பதிப்போடு ஸ்க்ராம்-ஷா-256 என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறை வந்தது. இந்த முறையில் பாஸ்வேர்டு அப்படியே நெட்வொர்க்கில் போவதில்லை. சர்வர் ஒரு சால்ட்டை, அதாவது அந்தப் பயனருக்கென்று வைத்திருக்கும் தற்செயல் மதிப்பை, அனுப்பும். அதைப் பாஸ்வேர்டோடு சேர்த்து, வழக்கமாக 4096 சுற்று அரைத்து, பாஸ்வேர்டு தனக்குத் தெரியும் என்று எதிர்முனை நிரூபிக்க வேண்டும். சரி, இல்லாத பயனர் பெயரோடு ஒருவன் வந்தால்? அப்படி யாரும் இல்லை என்று சொன்னால் அதுவே அவனுக்குத் துப்பு. ஆகவே போஸ்ட்கிரெஸ் நாடகமாடுகிறது. பொய் சால்ட் ஒன்றைக் கொடுத்து, கடைசிவரை சோதித்து, பாஸ்வேர்டு தவறு என்று அனுப்பிவிடுகிறது. அடுத்த முறை வேறு சால்ட் கொடுத்தால் குட்டு உடைந்துவிடுமே! அதற்காக, நிறுவும்போதே ஒரு ரகசிய மதிப்பை உருவாக்கி வைத்து, அதிலிருந்தும் பெயரிலிருந்தும் பொய் சால்ட்டைப் பிறப்பிக்கிறது. எத்தனை முறை வந்தாலும் அதே பொய். உண்மை சர்வரின் லாகில் மட்டும்.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளின் சுபாவம் வேறு. பெயரில்லாப் பயனர், டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நெடுங்காலம் தாராளமாக வந்தது; நிறுவிய பிறகு தனி ஸ்கிரிப்டை ஓட்டித் துடைக்க வேண்டியிருந்தது. 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பில்தான் அந்தப் பழக்கம் விட்டது.

போஸ்ட்கிரெஸும் மாசற்றதல்ல. யார் வேண்டுமானாலும் டேட்டாபேஸின் பொது இடமான பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உண்டாக்கலாம் என்ற சலுகை அதில் வெகுகாலம் இருந்தது. ஒருவர் அங்கே வைக்கும் ஃபங்ஷனை இன்னொருவர் அறியாமல் ஓட்டிவிடக்கூடும் என்று 2018இல் எச்சரிக்கை வந்தது. 2022இல், 15ஆம் பதிப்பில், புதிய டேட்டாபேஸ்களில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பழைய டுடோரியலை நம்பி வந்தவர்கள் முதல் டேபிளிலேயே அனுமதி இல்லை என்ற பதிலைப் பார்த்து விழித்தார்கள். செயலியின் பயனரையே அந்த டேட்டாபேஸுக்கு உரிமையாளராக்கினால் சிக்கல் தீர்ந்தது. பலரோ, எல்லோருக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் ஒற்றை வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.